சேமித்துக் கொடுப்பவருக்குக் கூலி குறையக் கூடாது: சின்ன பசுமை ஆர்கிடெக்ட் அலுவலகம் தொடங்குகிறவர்களுக்கு

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் சொந்தமாக அலுவலகம் போட நினைக்கிற இளம் ஆர்கிடெக்ட்கள் என்னைப் பார்க்க வரும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எந்த மென்பொருள் வாங்கலாம்? பசுமைக் கட்டடச் சான்றிதழ் தேர்வு எழுதினால் வேலை வருமா? பதில் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் நான் இரண்டு கேட்பேன். சைட்டில் உங்களோடு நிற்கப்போகிற கொத்தனார் யார்? கட்டணத்தை எப்படிக் கேட்கப்போகிறீர்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் தொடங்கிய அலுவலகங்கள் கொஞ்ச காலத்தில் கட்டட அனுமதி வாங்கித் தருகிற வெறும் அப்ரூவல் ஆபீஸாக மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்ட வேண்டும் என்று ஆசையோடு படித்து வந்த பிள்ளைகள் வீட்டு முகப்புக்கு எலிவேஷன் போட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பதிவு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு ஆர்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது, கட்டடம் வடிவமைக்கிற வேலையைப் பதிவு பெற்றவருக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. நம் ஊர்களில் வீடு கட்டுகிறவர் முதலில் போவது இன்ஜினியரிடம், அல்லது நேராக மேஸ்திரியிடம். பதிவு எண்ணைப் பார்த்து யாரும் தேடி வர மாட்டார்கள். மற்றவர்கள் செய்து தர முடியாத ஒன்றை நீங்கள் செய்து தர வேண்டும்.

கட்டணம்

கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று வாங்குவதுதான் நம் தொழிலின் பழைய வழக்கம். பசுமைக் கட்டடம் செய்கிறவருக்கு இந்த முறை ஒத்தே வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 30 லட்சம். 5 சதவீதம் என்றால் உங்களுக்கு ஒன்றரை லட்சம். நீங்கள் பில்லர் இல்லாமல் சுவரே பாரம் தாங்குகிற மாதிரி வடிவமைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுகிற ராட் ட்ராப் சுவர் எழுப்பி, கான்கிரீட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஓடு வைக்கிற ஃபில்லர் ஸ்லாப் தளம் போட்டு, உள்பூச்சைக் குறைத்து மூன்று லட்சம் மிச்சப்படுத்திக் கொடுத்தால், கட்டணம் 1,35,000 ஆகிவிடும். வேலை என்னவோ கூடியிருக்கும்: ஒவ்வொரு வரிசைக் கல்லுக்கும் வரைபடம், ஓடு அடுக்குகிற நாளில் காலையிலிருந்து சைட்டில் நிற்பது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோடு இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பேசுவது. கூடுதலாக உழைத்ததற்கு 15,000 ரூபாய் அபராதம் கட்டுகிற மாதிரிதான் இது. வருஷத்துக்கு நான்கு வீடு இப்படிச் செய்தால், உங்களை அறியாமலே கான்கிரீட் பக்கம் கை போகும்.

ஆகவே மொத்தமாக ஒரு தொகை கேளுங்கள், அல்லது சதுர அடிக்கு இவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகையைப் பக்கத்து அலுவலகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் உங்கள் நேரத்தை வைத்துப் போடுங்கள். உதாரணத்துக்கு, வாடகை, கரண்ட், உங்கள் சம்பளம், உதவிக்கு இருக்கிற ஒருவரின் சம்பளம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதம் 80,000 என்று வையுங்கள். இரண்டு பேருமாக, காசுக்கு நேரடியாகக் கணக்குக் காட்டக்கூடிய நேரம் மாதத்தில் 200 மணிக்கு மேல் தேறாது. மீதி நேரம் போன், அலைச்சல், கைகூடாமல் போன பேச்சுகள் என்று கரைந்துவிடும். ஆக ஒரு மணிக்கு 400 ரூபாய். மேலே சொன்ன வீட்டுக்கு வரைபடம், அளவுப் பட்டியல், சைட் எல்லாம் சேர்த்து 250 மணி பிடிக்கும் என்றால் ஒரு லட்சம். அது கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகிற தொகைதான். அதன்மேல் 40 சதவீதம் போட்டு 1,40,000 என்று கேளுங்கள். வேலை இல்லாத மாதங்களை அந்த 40 சதவீதம்தான் தாங்கும்.

வேலை இல்லாத மாதங்கள் கட்டாயம் வரும். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் வாஸ்து நாள் கிடையாது. ஆடியில் நாள் இருந்தாலும் பலர் பூமி பூஜை போட மாட்டார்கள். ஆகவே உங்கள் அட்வான்ஸ் தொகைகள் தை, வைகாசி, ஆவணி என்று கொத்தாக வந்து சேரும். ஏப்ரல் முதல் மார்ச் வரை போடுகிற பட்ஜெட்டில் இது தெரியவே தெரியாது. தமிழ் மாதத்தை வைத்து ஒரு தாளில் வரவு எழுதிப் பாருங்கள், எந்த மாதம் கை கடிக்கும் என்று உடனே புரியும். நான் இன்றைக்கும் அலுவலகச் சுவரில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில்தான் வரவுத் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன்.

தொகையைப் பிரிப்பதில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஒப்பந்தம் போடும்போது 20 சதவீதம், முதல் வடிவம் ஒப்புக்கொண்டதும் 20, முழு வரைபடமும் அளவுப் பட்டியலும் கொடுத்ததும் 30 என்று வாங்கலாம். மீதி 30ஐக் கட்டுமான நிலைகளோடு கட்டிப்போடாமல் மாதத் தவணையாக வாங்குங்கள். கதவு, ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டம் வந்ததும் இவ்வளவு என்று எழுதினால், வீட்டுக்காரருக்குப் பணம் தட்டுப்பட்டு எட்டு மாதம் வேலை நிற்கும்போது உங்கள் தொகையும் நின்றுவிடும். மாதத்துக்கு இத்தனை சைட் விசிட் என்று எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள். அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம், ஜிஎஸ்டி தனி.

ஒப்பந்தத்தில் மிச்சம் யாருக்கு?

ராட் ட்ராப் சுவரில் சாதாரண ஒன்பது அங்குலச் சுவரைவிடச் சுமார் கால்பங்கு செங்கல் மிச்சமாகும், கலவையும் குறையும். அந்த மிச்சம் வீட்டுக்காரருக்குப் போகிறதா என்று எத்தனை ஆர்கிடெக்ட்கள் பார்க்கிறார்கள்? நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகள் பொருளோடு சேர்த்துச் சதுர அடி ரேட்டுக்குத்தான் விடப்படுகின்றன. அப்படி விட்ட வீட்டில் நீங்கள் கால்பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினால் அது காண்ட்ராக்டர் பைக்குப் போகும். வீட்டுக்காரர் அதே 2,500ஐத்தான் கொடுப்பார், அப்புறம் ‘இந்தப் புது முறையில் எனக்கு என்ன லாபம்?’ என்று நியாயமாகவே கேட்பார்.

எனவே இரண்டில் ஒன்று. பொருளை வீட்டுக்காரரே வாங்கிப்போட்டு வேலையை லேபர் காண்ட்ராக்டுக்கு விட வேண்டும். அல்லது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரேட் போட்டு, செய்த அளவை அளந்து பணம் கொடுக்கிற ஐட்டம் ரேட் ஒப்பந்தம் போட வேண்டும். முதல் சில வீடுகளுக்கு நான் லேபர் காண்ட்ராக்டைத்தான் சிபாரிசு செய்வேன். இதற்கு நீங்கள் துல்லியமான அளவுப் பட்டியல் கொடுத்தாக வேண்டும். ‘சுமாராக 18,000 கல் தேவைப்படும்’ என்று சொல்லிப் பழகாதீர்கள். கல் எண்ணிக்கை, மூட்டை எண்ணிக்கை, ஓடு எண்ணிக்கை மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். வீடு முடிந்ததும் வாங்கின ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த வீட்டுக்காரரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கொத்தனார்கள்தான் உங்கள் அலுவலகம்

நல்ல கொத்தனார் குழு ஒன்று கிடைத்துவிட்டால் பாதி அலுவலகம் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே தேடுவது? புதுக் கட்டடங்களில் தேடாதீர்கள். ஓட்டு வீடு பழுது பார்க்கிறவர்கள், கோயில் திருப்பணி வேலைக்குப் போகிறவர்கள், காரைக்குடி பக்கம் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த குடும்பங்கள், இவர்களைக் கேட்டுப் போங்கள். வயதானவர்கள் என்று தயங்க வேண்டாம். ஒரு பெரியவரும் கற்றுக்கொள்கிற ஆர்வமுள்ள இரண்டு இளைஞர்களும் சேர்ந்தால் போதும்.

முதல் நாள் அவர்களிடம் வரைபடத்தை விரிக்காதீர்கள். சைட்டின் ஒரு மூலையில் நான்கடிக்கு நான்கடி மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள், அதற்கு முழு நாள் கூலியைத் தனியாகக் கொடுங்கள். ராட் ட்ராப் கட்டும்போது ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குலச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம், நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம். இடையிடையே குறுக்கே ஒரு கல் இரண்டு பக்கத்தையும் பிணைக்கும். எங்கள் மேஸ்திரி முதலில் கேட்டது இதுதான்: “என்ன மேடம், கல்லை நிமித்தி வைக்கச் சொல்றீங்க, கலவை எல்லாம் உள்ளே விழுகுது. இதுல ஒரு நாளைக்கு எத்தனை கல்லு ஓட்ட முடியும்? கூலி கட்டுப்படியாகுமா?” கேள்வி நூற்றுக்கு நூறு சரி. கல் எண்ணிக்கைக்குக் கூலி பேசினால் கல்லைக் குறைக்கிற சுவரில் அவருக்கு நஷ்டம்தான். சுவரின் பரப்பளவுக்குக் கூலி பேசுங்கள், சாதாரணச் சுவரைவிடக் கொஞ்சம் கூட்டியே பேசுங்கள். செங்கல்லில் மிச்சமாவதை வைத்துப் பார்த்தால் அந்தக் கூடுதல் கூலி தாராளமாகக் கட்டுப்படியாகும். கலவை உள்ளே விழாமல் இருக்க, மூன்று அங்குல அகலப் பலகை ஒன்றை வெற்றிடத்தின் மேல் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கலவை போட்டு, பிறகு பலகையை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்து காட்டினால் ஒரே நாளில் கை பழகிவிடும்.

இந்தச் சுவருக்கு நாட்டுச் செங்கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. கல்லுக்குக் கல் கால் அங்குலம் வித்தியாசம் இருந்தால் வெளிப்பக்கம் அலை அலையாகத் தெரியும். சூளைக்கே போய், பத்துக் கல்லை வரிசையாக அடுக்கி டேப் வைத்து அளந்து பார்த்துத்தான் லாரிக்குச் சொல்ல வேண்டும். ஜன்னல் ஓரம், கதவு ஓரம், லிண்டலுக்கு அடியில், சுவரின் முதல் வரிசையில் வெற்றிடம் விடாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனைச் சுவர் எழும்புவதற்கு முன்பே அழைத்து, சுவிட்ச் பெட்டி ஒவ்வொன்றும் எந்த இடத்தில் என்று சுண்ணாம்பால் குறித்து, பைப்பை வெற்றிடத்துக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். கட்டி முடித்தபின் சுவரை வெட்டிப் பைப் பதிக்கிற வழக்கம் இதில் நடக்காது.

ஃபில்லர் ஸ்லாபுக்கு நல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லாமல் கை வைக்காதீர்கள். தளத்தின் கீழ்ப்பகுதிக் கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரிதாகப் பங்கெடுப்பதில்லை, அங்கே வேலை செய்வது கம்பிதான். அந்த இடத்தில் மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து கான்கிரீட்டைக் குறைக்கிறோம். இரண்டு ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். கம்பி இடைவெளியை ஓட்டின் அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முன் ஓட்டைத் தண்ணீரில் நன்றாக ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் கலவையிலிருக்கிற ஈரத்தை ஓடு உறிஞ்சிவிடும். ஃபேன் கொக்கி எங்கே என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் கையெழுத்து வைக்கத் துணிகிற இன்ஜினியரைக் கண்டுபிடித்துவிட்டால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் கேட்கிற கட்டணத்தைக் குறைத்துப் பேசாதீர்கள்.

ஆர்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இவற்றையெல்லாம் பல பத்தாண்டுகள் செய்து காட்டியவர். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வட்டமான இந்தியன் காபி ஹவுஸ், அதே நகரத்தில் உள்ளூர் என்ற பெயருள்ள பகுதியில் இருக்கிற வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் இரண்டையும் உங்கள் கொத்தனார்களோடு போய்ப் பாருங்கள். மதுரையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் பயணம்தான். காபி ஹவுஸ் சுவரில் கை வைத்து, ‘இது எப்படி நிக்குது?’ என்று ஒரு கொத்தனார் கேட்கிற கேள்விக்கு ஈடான பயிற்சி வகுப்பு இல்லை. சுடாமல் அழுத்திச் செய்கிற மண் கட்டி வேலைக்கு 1989இல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டின் பயிற்சிகள் இருக்கின்றன. நீங்கள் மட்டும் போகாமல் உங்கள் மேஸ்திரியையும் அழைத்துப் போங்கள், அவருடைய அந்த நாட்களின் கூலியை அலுவலகச் செலவில் எழுதுங்கள்.

மண்

எந்த ஊரிலும் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. சிவகங்கை, திண்டுக்கல் பக்கம் செம்மண். திருமங்கலம் தாண்டி விருதுநகர் போனால் கரிசல். செம்மண்ணில் ஐந்து சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய கட்டி நன்றாக வரும். கரிசல் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற மண், அதில் சிமெண்ட் போட்டுக் கட்டி அறுப்பது வீண் வேலை. அங்கே அஸ்திவாரத்துக்கே இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். சுவருக்குத் தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்கிற ஃபிளை ஆஷ் கல்லைப் பார்க்கலாம்.

மண்ணைச் சோதிக்க முதல் நாள் ஒரு கண்ணாடி பாட்டில் போதும். கால்பங்கு மண், முக்கால்பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் விட்டு மறுபடி குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் சரளையும் மணலும், அதன் மேல் வண்டல், மேலே களி என்று பட்டை பட்டையாகப் படியும். ஏறக்குறைய 15 சதவீதம் சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களி என்றால் சிமெண்ட் சேர்த்த கட்டிக்கு நல்ல மண். களி கூடினால் மணல் கலக்கலாம், அதுவும் கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த சைட்டில் மண் கட்டியை விட்டுவிடுங்கள். மண் ஒத்துவந்தால் பிறகு பரிசோதனைக் கூடத்தில் ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தர விதிப்படி அழுத்த வலிமை பார்த்துச் சான்று வாங்குங்கள். வங்கிக் கடனுக்கு இந்தத் தாள் மிகவும் உதவும். மண் வீடு என்று வாயால் சொன்னதும் ஒரு வங்கியில் கோப்பை மூடி வைத்துவிட்டார்கள். எஸ்டிமேட்டில் ‘ஐஎஸ் 1725 தரத்தில் நிலைப்படுத்திய மண் கட்டி’ என்று எழுதி, வலிமைச் சான்றை இணைத்துக் கொடுத்ததும் அதே கோப்பு நகர்ந்தது. கட்டியை அறுத்த பிறகு நான்கு வாரம் ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்பதை வேலை அட்டவணையில் முதலிலேயே போட்டுவிடுங்கள், அவசரப்பட்டு எடுத்துக் கட்டினால் மூலைகள் உதிரும்.

பழைய மரமும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தேக்குக் கதவும் தூணும் நிறையக் கிடைக்கும், புது மரம் வெட்ட வேண்டாமே என்று நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் நன்றாக நிற்கிற செட்டிநாட்டு வீட்டைக் கதவுக்காகப் பிரித்து விற்கிறார்கள் என்று தெரிந்தால் அதை வாங்காதீர்கள். நான் எந்த ஊரில், எந்த நிலையில் இருந்த வீடு என்று கேட்காமல் வாங்குவதில்லை.

காசில்லாமல் கிடைக்கிற குளுமை

புதுப் பொருளைப் பற்றிப் பேசுகிற ஆர்வத்தில் நாம் சூரியனை மறந்துவிடுகிறோம். உங்கள் கட்டணத்துக்கு முழு மதிப்பும் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் ஜன்னலை இடம் மாற்றுவதற்கு வீட்டுக்காரருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மதுரை பூமத்திய ரேகைக்குச் சுமார் 9.9 டிகிரி வடக்கே இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்திலும் ஆவணியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். ஜூன் மாதம் சூரியன் வடக்கே 13 டிகிரிதான் சாயும், ஆகவே நான்கடி உயர ஜன்னலுக்கு வடக்குப் பக்கம் ஓரடி சன்ஷேடு போதும். டிசம்பரில் தெற்கே 33 டிகிரி சாயும், ரெண்டடி சன்ஷேடு போட்டால் நான்கடி ஜன்னலில் மூன்றடி நிழலில் இருக்கும். தெற்கு, வடக்கு இரண்டும் நமக்கு எளிது. மேற்குதான் கஷ்டம். ஏப்ரல் மாதம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே ரெண்டடி சன்ஷேடு அப்போது ஓரடிக்குச் சற்று மேல்தான் மறைக்கும், மீதி வெயில் முழுக்க ஜன்னல் வழியாகப் படுக்கைக்கு வரும். எனவே மேற்கில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறையை வையுங்கள். தாழ்வாரம் போட இடமிருந்தால் அதைவிட நல்லது. மனை மேற்குப் பார்த்தது, வேறு வழியே இல்லை என்றால் காற்றுக்கு இடைவெளி விட்டுக் கட்டுகிற செங்குத்தான ஜாலிச் சுவர் ஒன்றை ஜன்னலுக்கு வெளியே எழுப்புங்கள்.

2018இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீடுகளுக்கான எரிசக்தி விதியை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வருகிற வெப்ப ஈரப்பத மண்டலத்துக்கு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய ஜன்னலும் கதவுமாக இருக்க வேண்டும் என்கிறது அது. ‘திறக்கக்கூடிய’ என்பதைக் கவனியுங்கள். 120 சதுர அடி படுக்கையறைக்கு 20 சதுர அடி வேண்டும். இப்போது எல்லோரும் கேட்கிற ஸ்லைடிங் யுபிவிசி ஜன்னல் ஐந்துக்கு நான்கு போட்டால் 20 ஆகிவிட்டது என்று தோன்றும், ஆனால் எப்போதும் ஒரு கதவு மற்றொன்றை மறைத்துக்கொண்டிருப்பதால் காற்று வருவது 10 சதுர அடியில்தான். பழைய மாதிரி இரண்டு பக்கமும் திறக்கிற கதவு போட்டால் அதே செலவுக்கு இரண்டு மடங்கு காற்று. ஜன்னல் விஷயத்தில் நான் வீட்டுக்காரரோடு மணிக்கணக்கில் வாதாடுவேன், அது வாதாடத் தகுந்த விஷயம்.

மழைநீருக்கும் எண்ணோடு பேசுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம், ஆனால் பல வீடுகளில் அது அப்ரூவலுக்காகத் தோண்டின ஒரு குழியோடு முடிந்துவிடுகிறது. மதுரையில் வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழுகிற தண்ணீர் ஏறக்குறைய 79,000 லிட்டர், வீணாவது போக 60,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். இதை டேங்கர் லாரிக் கணக்கில் சொன்னால் வீட்டுக்காரரே தரைக்கடியில் தொட்டி எங்கே வைக்கலாம் என்று கேட்பார். குளியலறைத் தண்ணீருக்குத் தனிக் குழாய் போடுவது கட்டும்போது பெரிய செலவில்லை, பிறகு செய்வதுதான் செலவு. அந்தத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

வீட்டுக்காரரோடு பேசுவது

மேலூர் பக்கம் வீடு கட்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஏம்மா, நீங்க சொல்றது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பூசாம விட்டா, காசு பத்தாம பாதியில நிறுத்திட்டான்னு சொந்தக்காரன் பேசுவானே?” இந்தப் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அறிவுரையும் சொல்லாதீர்கள். வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்டுகிற வீட்டைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று நினைப்பது நியாயம். அவர் வீட்டில் தெருப்பக்கச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்தோம், மற்ற மூன்று பக்கமும் உள்ளேயும் செங்கல்லை அப்படியே விட்டு, கல் இடுக்குகளைக் கலவையால் அடைக்கிற பாயிண்டிங் மட்டும் செய்தோம். சுண்ணாம்பு தாங்குமா என்று அவருடைய மகன் கேட்டான். திருமலை நாயக்கர் மகால் 1636இல் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியதுதான், போய்த் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வா தம்பி என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

அடுத்து பில்லர். ‘பில்லர் போட்ட வீடா?’ என்பதுதான் நம் ஊரில் வீட்டின் தகுதிக்கு முதல் கேள்வி. ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்கு மண்ணும் சுவரும் சரியாக இருந்தால் சுவரே தாங்கும் என்பதை நீங்கள் சொன்னால் நம்ப மாட்டார்கள். இன்ஜினியரை நேரில் அழைத்து வந்து, பேஸ்மென்ட் மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் வீட்டைச் சுற்றி வருகிற கான்கிரீட் பட்டையைக் காட்டி அவரைச் சொல்ல வையுங்கள்.

விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பால் காய்ச்சுகிற அன்றைக்கு வீட்டுக்காரரின் சொந்தபந்தம் அத்தனை பேரும் அந்த வீட்டுக்குள் நடப்பார்கள். அன்று காலையிலிருந்து மத்தியானம் வரை அங்கே இருங்கள், மேஸ்திரியையும் வேட்டி சட்டையோடு வரச் சொல்லுங்கள். ‘உள்ளே ஏன் இவ்வளவு குளுமையா இருக்கு?’ என்று கேட்கிறவருக்குக் கொத்தனார் தன் வாயால் சொல்கிற பதிலில்தான் அடுத்த வீடு வரும். எங்களுக்கு அப்படித்தான் வருகிறது.

சில வேலைகளை வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். முழுக்கக் கான்கிரீட் சட்டகம் போட்டு, வெளியே செங்கல் மாதிரி டைல் ஒட்டி ‘பசுமை லுக்’ கேட்கிறவரை மரியாதையாக வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். அந்த வீட்டின் படம் உங்கள் பெயரில் வெளியே போனால், உண்மையில் செங்கல்லில் கட்ட நினைக்கிறவர் உங்களையும் நம்ப மாட்டார்.

தாள் வேலை

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிற வீடுகளுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அதனால் அப்ரூவல் எடுத்துத் தருவதையே பிழைப்பாக வைக்க நினைத்தால் அதுவும் இனி பெரிதாக ஓடாது. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, 18 சதவீதம். ஆர்கிடெக்ட்கள் வரவில் பாதியை லாபமாகக் காட்டி எளிய முறையில் வருமான வரி கட்டலாம், 50 லட்சம் வரை; ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. ஆனால் ஆடிட்டரிடம் ஒரு முறை பேசுங்கள்.

சான்றிதழ் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். சின்னக் கட்டடங்களுக்கு என்றே, பசுமைக் கட்டடங்களை மதிப்பிடுகிற க்ரிஹா அமைப்பில் ஸ்வாக்ரிஹா என்ற தரமதிப்பீடு இருக்கிறது. பள்ளிக்கூடம், சின்ன அலுவலகம் செய்யும்போது வாங்கலாம். 1,200 சதுர அடி வீட்டுக்கு அந்தப் பணத்தை மொட்டைமாடிக்குச் செலவழிக்கச் சொல்வேன்: செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, மேலே தட்டோடு. மென்பொருளைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்கெனவே வேகமாக வரைகிறது எதுவோ அதுவே போதும், லைசென்ஸ் மட்டும் ஒழுங்கானதாக இருக்கட்டும்.

கட்டி முடித்த பிறகு

மே மாதம் நீங்கள் கட்டின வீடுகளுக்குத் திரும்பப் போங்கள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர், சுவரின் சூட்டை அளக்கிற தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு அளவு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அளவு. ராத்திரி அளவுதான் முக்கியம். பகலெல்லாம் வெயிலை வாங்கின கான்கிரீட் தளம் இருட்டின பிறகுதான் அதை உள்ளே விடும், அந்த நேரத்தில்தான் மக்கள் தூங்கப் போகிறார்கள். தளத்தின் அடிப்பக்கம், மேற்குச் சுவரின் உள்பக்கம், அறையின் நடு மூன்றையும் எழுதுங்கள். பக்கத்து வீட்டில் அனுமதி கேட்டு அதே மூன்றையும் எழுதுங்கள். வீட்டுப் பெண்களிடம் எந்த அறையில் தூங்குகிறீர்கள், எந்த ஜன்னலைத் திறப்பதே இல்லை, ஏன் என்று கேளுங்கள். கொசு என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பார்வை என்பார்கள். அடுத்த வீட்டில் வலையையும் ஜன்னல் உயரத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

அலுவலகத்தை எப்போது பெரிதாக்குவது? என் கருத்து, மூன்றாவதாகச் சேர்க்கிறவர் வரைபடம் போடுகிறவராக இருக்க வேண்டாம், சைட்டில் நிற்கிறவராக இருக்கட்டும். டிப்ளமோ படித்த உள்ளூர்ப் பிள்ளை கிடைத்தால் நல்லது. கொத்தனார் குடும்பத்திலிருந்து வருகிறவர் என்றால் இன்னும் நல்லது. சைட் எல்லாம் ஒன்றரை மணி நேர பஸ் தூரத்துக்குள் இருக்கட்டும், ஒரே சமயத்தில் நான்குக்கு மேல் வேண்டாம். ஒரு நல்ல குழுவால் இரண்டு சைட்டைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும், அப்படிப் பார்த்தால் நான்குக்கே இரண்டு குழு வேண்டும். ஐந்தாவதாக வருகிறவரிடம் உண்மையைச் சொல்லி, தையில் வாஸ்து நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். காத்திருக்கச் சம்மதித்தால் மனையை ஒரு முறை போய்ப் பார்த்து, மண்ணை ஒரு பாட்டிலில் எடுத்து வந்துவிடுங்கள்.